கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?

ஃபைனல் இயர் புராஜெக்ட் டீம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ரிப்போர்ட் அட்டையில நாலு பேர் பெயர் இருக்கும். ஒருத்தர் மொத்த கோடையும் எழுதுவார். இன்னொருத்தர் பிபிடி போடுவார். மூணாவது ஆள் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைண்டிங் கொடுத்துட்டு வருவார். நாலாவது ஆள் டீ வாங்கிட்டு வருவார். வைவா அன்னைக்கு எக்ஸ்டர்னல் என்ன கேட்டாலும் மூணு பேரும் அந்த முதல் ஆள் முகத்தைப் பார்ப்பாங்க.

அந்த முதல் ஆள் நான்தான். 2013ல நம்ம கல்லூரியை விட்டு வெளிய போகும்போது அதை ஒரு பெருமையா நினைச்சுக்கிட்டுத் தான் போனேன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே பழக்கம். யாருக்கும் புரியாத பக்கை ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து கண்டுபிடிக்கிறது, டெட்லைன் நெருங்கினா நாலு பேர் வேலையை ஒரே ஆளா முடிக்கிறது. எட்டு வருஷம் இப்படிப் போச்சு. 2021 டிசம்பர்ல என்னை எஞ்சினியரிங் மேனேஜர் ஆக்கினாங்க. டீம்ல ஏழு பேர்.

அடுத்த ஒரு வருஷத்துல என்னை வளர்த்த அதே பழக்கம் என் டீமை எப்படி முடக்குச்சுங்கிறதுதான் இந்தக் கட்டுரை. மேனேஜர் ஆக இன்னும் பத்து வருஷம் இருக்கேன்னு நினைச்சு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. அந்தப் பழக்கம் பிறக்கிற இடம் நீங்க இப்ப உட்கார்ந்திருக்கிற லேப் தான்.

எத்தனை பேர் உனக்குக் கீழே?

மேனேஜர் ஆன செய்தி ஊருக்குப் போனதும் நடந்த முதல் விஷயம், ஒரு கல்யாண வீட்டுல மாமா ஒருத்தர் கேட்ட கேள்வி. "மாப்ள, இப்ப எத்தனை பேர் உனக்குக் கீழ வேலை பாக்குறாங்க?" ஏழு பேர்னேன். கொஞ்சம் ஏமாந்துட்டார். ஐம்பது, நூறுன்னு எதிர்பார்த்திருப்பார் போல.

நம்ம பக்கத்துல மேனேஜர்ங்கிறது ஒரு படி மேல ஏறினதா மட்டும் தான் தெரியும். நானும் அப்படித் தான் நினைச்சேன். நல்லா கோட் எழுதினதுக்குக் கிடைச்ச பரிசு இது, இனிமே இன்னும் நல்லா எழுதினா போதும்னு. உண்மையில அன்னைக்கு எனக்கு நடந்தது வேலை மாற்றம். ஒரு நல்ல பேட்ஸ்மேனைக் கூப்பிட்டு நாளையிலேர்ந்து நீ கோச்னு சொல்ற மாதிரி. மட்டையைப் பிடிச்சுக்கிட்டே கோச் வேலை பார்க்க முடியாது. ஆனா கையில மட்டை இல்லாம நிக்கவும் முதல்ல கூச்சமா இருக்கும்.

இன்டெல் கம்பெனியை நடத்தின ஆன்டி குரோவ் 1983ல ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல ஒரு மேனேஜரோட உற்பத்தியை எப்படி அளக்கணும்னு சொல்லியிருப்பார். அவருடைய டீம் செஞ்சு முடிச்சது, அதோட அவரால பயன்பட்ட பக்கத்து டீம்கள் செஞ்சு முடிச்சது. அவ்வளவுதான் கணக்கு. அவர் தனியா உட்கார்ந்து என்ன செஞ்சார்னு அந்தக் கணக்குல தனி வரியே இல்ல. இதை நான் மேனேஜர் ஆகறதுக்கு முன்னாடியே படிச்சிருந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சிருக்கேன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

ஒன்பது நாள்

எங்க டீம் பார்த்தது, கடைக்காரங்களுக்குப் பணம் செட்டில் பண்ற சிஸ்டம். பகல் முழுக்க ஆன்லைன்ல வந்த பணத்தை ராத்திரி பேங்க் அனுப்புற ஃபைலோட ஒப்பிட்டுப் பார்க்கணும். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் தனியா எடுத்து வைக்கணும். மேனேஜர் ஆன பிறகும் இந்த ஒப்பிடுற பகுதியை நான் யார்கிட்டயும் கொடுக்கல. ‘இது சிக்கலானது, நானே பார்த்துக்கிறேன்’னு சொன்னேன். டீமைக் காப்பாத்துறதா எனக்கு நினைப்பு.

பகல்ல மீட்டிங். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல தான் கோட். இதுக்கு நடுவுல டீம்ல இருக்கிறவங்க எழுதினதை ரிவ்யூ பண்ணி ஒப்புதல் கொடுக்கிறதும் நான்தான். கம்பெனியில யார் எழுதின கோடும் நேரா உள்ள போயிடாது. இன்னொருத்தர் பார்த்து சரின்னு சொல்லணும். அதுக்கு புல் ரிக்வஸ்ட்னு பேர். எல்லார் புல் ரிக்வஸ்ட்டும் என் வாசல்ல வரிசையா நின்னுச்சு.

அதுல ஒண்ணு, ரெண்டு வருஷ அனுபவம் இருந்த ஒரு பொண்ணோடது. அவங்களும் டெல்டா பக்கம் தான். ஒன்பது நாள் காத்திருந்துச்சு. ஒன்பதாவது நாள் ராத்திரி நான் திறந்து பார்த்தேன். வேலை செய்யுது, ஆனா டேட்டாபேஸ்கிட்ட ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை கேட்குது. மெதுவா ஓடும். அவங்களுக்கு எழுதி விளக்க அரை மணி நேரம் ஆகும், நானே மாத்தினா இருபது நிமிஷம். மாத்திட்டேன். ஒப்புதலும் கொடுத்துட்டேன். காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல, "கொஞ்சம் சரி பண்ணி உள்ள விட்டுட்டேன்"னு சந்தோஷமா சொன்னேன். அவங்க "தேங்க்ஸ் அண்ணா"ன்னாங்க.

இது ஒரு தடவை இல்ல. அடுத்த மூணு நாலு மாசம் இப்படியே தான் நடந்துச்சு. அப்புறம் ஒரு நாள் ராஜினாமா மெயில் வந்தது.

சம்பளம் தான் காரணமா இருக்கும்னு நினைச்சு, பேசி நிறுத்திடலாம்னு கூப்பிட்டேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னது இது: "அண்ணா, நான் எழுதுன கோட் எதுவுமே புரொடக்ஷன்ல இல்லண்ணா. எல்லாமே நீங்க திருப்பி எழுதுனது. வெளிய இன்டர்வ்யூல இந்த வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

கோபமா சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. நான் யாரையும் திட்டினதில்ல, யாருக்கும் லீவ் மறுத்ததில்ல. நல்ல மேனேஜர்னு தான் என்னைப் பத்தி எனக்கு நினைப்பு. ஒரு ஆளோட ஒரு வருஷத்தை முழுசா எடுத்து என் கணக்குல எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

புதாத்துக் கரையில

அவங்க வேலையை விட்டது ஜூன் மாசம். அதே மாசம் ஒரு வாரம் ஊருக்குப் போனேன்.

எங்க ஊர் பேராவூரணி பக்கம். டெல்டாக்காரங்களுக்குத் தெரியும், அது கல்லணைக் கால்வாயோட கடைமடை. தஞ்சாவூர்ல இதைப் புதாறுன்னு சொல்லுவாங்க. மேட்டூர் அணை கட்டின 1934ஐ ஒட்டி வந்த கால்வாய்ங்கிறதால, காவிரி, வெண்ணாறு முன்னாடி இது ‘புது’ ஆறு. மத்த மாவட்டத்துலேர்ந்து வந்து நம்ம கல்லூரியில படிக்கிறவங்களுக்காக ஒரு நாலு வரி: மேட்டூரை வழக்கமா ஜூன் 12ஆம் தேதி திறப்பாங்க. அணையில தண்ணி இல்லாத வருஷம் தள்ளிப் போகும். 2024ல ஜூலை 28க்குத் தான் திறந்தாங்க. திறந்த மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணை வந்துடும். அங்க காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலாப் பிரியும். அங்கேர்ந்து கிளை வாய்க்கால், அதுலேர்ந்து சின்ன வாய்க்கால், அப்புறம் வயல். முதல்ல பாயிற இடம் தலைமடை. கடைசி இடம் கடைமடை.

கல்லணை திறக்கிற அன்னைக்கு டிவியில காட்டுவாங்க. அமைச்சர்கள் பூவும் நெல்மணியும் தூவுவாங்க. எங்க அப்பா அதைப் பார்ப்பார், ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டார். தலைமடையில எவ்வளவு கன அடி விட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் தலையை ஆட்டிட்டுப் போயிடுவார். சாயங்காலம் ஆனா டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கிட்டு எங்க வாய்க்காலோட கடைசிக்குப் போய் நின்னு பார்த்துட்டு வருவார். தினமும். தண்ணி வர வரைக்கும்.

அந்த வாரம் நானும் பின்னாடி உட்கார்ந்து போனேன். வாய்க்கால்ல ஒரு இடத்துல ஆகாயத்தாமரை அடைச்சு நின்னுச்சு, இன்னொரு இடத்துல கரை சரிஞ்சு மண் மேடு. தலைமடையில தண்ணி ததும்பிக்கிட்டு இருக்கும்போதே கடைமடை காய்ஞ்சு கிடக்கிறது இதனால தான். தூர்வார்ற வேலையை எப்பவும் தண்ணி வர்றதுக்கு முன்னாடி, ஏப்ரல் மே வெயில்ல தான் செய்யணும். அப்ப யாரும் பூத்தூவ வர மாட்டாங்க.

சென்னைக்குத் திரும்புற பஸ்ல ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். எங்க டீமோட கடைமடையில யார் இருக்கா? புதுசா சேர்ந்தவங்க. அவங்க கையில வேலை போய்ச் சேர என்னெல்லாம் அடைச்சு நிக்குது? மூணு விஷயம் எழுதினேன். சிக்கலான பகுதி என்கிட்ட, ஒப்புதல் என்கிட்ட, முடிவு எடுக்கிறது என்கிட்ட. ஆகாயத்தாமரையும் மண் மேடும் நானேதான்.

அடைப்பை எடுத்தது எப்படி

முதல்ல அந்த ஒப்பிடுற பகுதியை ரெண்டு பேர்கிட்ட ஒப்படைச்சேன். கொடுத்த பிறகு கை அரிச்சுது, பொய் சொல்லல. நான் ரெண்டு நாள்ல முடிக்கிறதை அவங்க ரெண்டு வாரம் எடுத்தாங்க. மேனேஜர் கோட் எழுதவே கூடாதான்னு கேட்பீங்க. எழுதலாம். ஆனா அதுக்காக இன்னொருத்தர் காத்திருக்கிற மாதிரி எதையும் எழுதக் கூடாது. சின்ன டூல், பழைய டெஸ்ட்டைச் சரி பண்றது, யாரும் தொடாத டாக்குமென்டேஷன், இதெல்லாம் நான் லேட் பண்ணினா யாருக்கும் நஷ்டம் இல்ல. டீமோட முக்கியப் பாதையில நான் நிக்கக் கூடாது. இப்பவும் நான் வைச்சிருக்கிற ஒரே கறாரான விதி அது தான்.

ரெண்டாவது, ரிவ்யூ. யாராவது புல் ரிக்வஸ்ட் போட்டா ஒரு வேலை நாளுக்குள்ள பதில். என்னால முடியலைன்னா டீம்ல வேற யார் வேணும்னாலும் ஒப்புதல் கொடுக்கலாம்னு மாத்தினோம். அதோட, அடுத்தவர் கோடை நான் திருத்துறதை நிறுத்தினேன். கேள்வி கேட்கிறேன். ‘பத்தாயிரம் வரி வந்தா இந்த லூப் டேட்டாபேஸை எத்தனை தடவை கூப்பிடும்?’னு ஒரு வரி எழுதினா போதும், அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க. முன்னாடி நான் மிச்சம் பிடிச்ச அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு விலை உயர்ந்ததுன்னு இப்ப தெரியுது.

மூணாவது தான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஒன்-ஆன்-ஒன். டீம்ல ஒவ்வொருத்தரோடயும் வாரத்துக்கு அரை மணி நேரம் தனியா உட்கார்ந்து பேசுறது. ஏழு பேருக்கு மூணரை மணி நேரம். ஆரம்பத்துல கணக்குப் பார்த்து, இதுல ஒரு ஃபீச்சரே எழுதிடலாமேன்னு வயிறெரிஞ்சேன். முதல் ஒரு மாசம் எல்லாரும் சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாம் நல்லா போகுது சார்." நம்ம பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாத்துலயும் பெரியவங்க கேட்டா அப்படித் தானே சொல்லிப் பழக்கம்? யாரும் வாயைத் திறக்கலைன்னா பிரச்சினை இல்லைன்னு அர்த்தம் கிடையாது. ராஜினாமா பண்ணின அந்தப் பொண்ணும் என்கிட்ட எப்பவும் நல்லா போகுதுன்னு தான் சொன்னாங்க.

மீட்டிங் ரூமை விட்டுட்டு டீக்கடைக்கு நடக்க ஆரம்பிச்சோம். கேள்வியையும் மாத்தினேன். ‘எப்படிப் போகுது?’ன்னு கேட்டா ‘நல்லா போகுது’ன்னு தான் வரும். ‘இந்த வாரம் எந்த வேலையில ரொம்ப நேரம் சும்மா காத்திருந்தீங்க?’, ‘நான் செய்யறதுல எதை நிறுத்தினா உங்களுக்கு வசதி?’ இப்படிக் கேட்டா பதில் வரும். ஒரு பையன் மூணாவது வாரம் சொன்னான்: "சார், நீங்க ராத்திரி பதினொண்ணுக்கு மெசேஜ் போடுறீங்க. பதில் வேண்டாம்னு தான் சொல்றீங்க. ஆனா பார்த்துட்டா தூக்கம் வரல." அன்னையோட அதை நிறுத்தினேன்.

எவ்வளவு தூரம் விட்டுக் கொடுக்கிறதுங்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. எல்லாரையும் ஒரே மாதிரி விட்டுடவும் முடியாது. இதுக்கும் குரோவ் ஒரு வழி சொல்றார். ஆளைப் பார்த்து முடிவு பண்ணாதே, அந்த ஆளுக்கு அந்தக் குறிப்பிட்ட வேலையில எவ்வளவு பழக்கம்னு பார். பத்து வருஷ அனுபவம் உள்ளவர் கூட புதுசா ஒரு பேங்க் இன்டெக்ரேஷன் தொட்டா முதல் வாரம் பக்கத்துல ஆள் வேணும். அதே ஆள் தனக்குப் பழகின சர்வீஸ்ல இருந்தா, பக்கத்துல போய் நின்னாலே தொந்தரவு. நான் ரெண்டையும் தலைகீழாச் செஞ்சிருக்கேன். சீனியர்னு நினைச்சு ஒருத்தரைத் தனியா விட்டேன், ரெண்டு மாசம் திணறினார். வெட்கப்பட்டுக்கிட்டு என்கிட்ட கேட்கல.

ஆள் சேர்த்தா வேலை நடக்குமா?

மேலிடத்துலேர்ந்து புது மேனேஜருக்கு அடிக்கடி வர்ற கேள்வி: "லேட் ஆகுதா? இன்னும் மூணு பேர் தரட்டுமா?" சரின்னு சொல்லத் தோணும். கீழே வேலை பார்க்கிறவங்க எண்ணிக்கை கூடும், மாமாவும் சந்தோஷப்படுவார்.

ஐபிஎம்மோட ஓஎஸ்/360 திட்டத்தை நடத்தின ஃபிரெட் புரூக்ஸ் 1975ல ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ புத்தகத்துல இதுக்குப் பதில் எழுதிட்டார். ஏற்கெனவே தாமதமான சாஃப்ட்வேர் வேலையில ஆளைச் சேர்த்தா இன்னும் தாமதம் தான் ஆகும். கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சது தான், n(n−1)/2. நாலு பேர் டீம்ல ஒருத்தரோட ஒருத்தர் பேச வேண்டிய ஜோடி 6. ஏழு பேர்னா 21. பன்னிரண்டு பேர்னா 66. அதுக்கு மேல, வந்த புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க வேலை தெரிஞ்ச ஆளோட நேரம் போகும்.

நம்ம ஊர்ல இதை விளக்குறது சுலபம். நடவு அன்னைக்கு ஆள் அதிகம் வந்தா வேலை சீக்கிரம் முடியும். வயலைப் பிரிச்சுக் கொடுத்துட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்க வேண்டியதில்ல. ஆனா குறுவைக்கு ஆடுதுறை 36ஓ 43ஓ போட்டா விதையிலேர்ந்து அறுப்பு வரைக்கும் சுமார் 110 நாள். வயல்ல எத்தனை பேரைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் அது ஐம்பது நாள்ல கதிர் முத்தாது. சாஃப்ட்வேர்ல எது நடவு, எது பயிர் விளையுறதுன்னு பிரிச்சுச் சொல்றது மேனேஜரோட வேலை. டெஸ்ட் கேஸ் எழுதுறது, பழைய ஸ்கிரீன்களைப் புது டிசைனுக்கு மாத்துறது, இதெல்லாம் நடவு. ஒரு புது சிஸ்டத்தோட டிசைன் ஒரு தலையில ஊறித் தெளிய எடுக்கிற காலம் விளையுற காலம். மேலிடத்துக்கு இதைச் சொல்லி ‘ஆள் வேண்டாம், மூணு வாரம் வேணும்’னு கேட்க தைரியம் வேணும். எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத் தான் அந்த தைரியம் வந்தது.

சரி, இவ்வளவு தொல்லைக்கு மேனேஜரே இல்லாம இருந்தா என்ன? கூகுள் அதையும் பார்த்துட்டாங்க. 2002ல எஞ்சினியரிங் மேனேஜர் பதவியை எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தாங்க. சில மாசம் தான் தாங்குச்சு. செலவுக் கணக்கு, ரெண்டு பேருக்குள்ள சண்டை எல்லாமே நேரா லாரி பேஜ் மேசைக்கு வந்து நின்னுச்சு. அப்புறம் 2009 வாக்குல ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ங்கிற பேர்ல, நல்ல மேனேஜர்னு பேர் வாங்கினவங்க என்ன வித்தியாசமா செய்யறாங்கன்னு அவங்களோட சொந்தத் தகவல்களையே வைச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. எட்டு குணம் வந்தது. முதல் இடத்துல, நல்லா பயிற்சி கொடுக்கிறவரா இருக்கணும். டெக்னிக்கல் திறமை எட்டாவது, அதாவது கடைசி. இதைப் படிச்சுட்டு ‘அப்ப கோடிங் தெரியாமலே மேனேஜர் ஆகலாம்’னு சிலர் சந்தோஷப்படுறாங்க. கடைசியா இருந்தாலும் அது பட்டியல்ல இருக்குங்கிறதைக் கவனிங்க. கோட் தெரியாதவர் டீம்காரங்களுக்கு என்ன சிக்கல்னு எப்படிப் புரிஞ்சுப்பார்?

பழி யாருக்கு?

கலாமோட எஸ்எல்வி-3 கதையைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கேட்டிருப்பீங்க. 1979 ஆகஸ்ட் 10 அன்னைக்கு முதல் ராக்கெட் வங்கக் கடல்ல விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தானே பத்திரிகையாளர் முன்னாடி உட்கார்ந்து பொறுப்பு ஏத்துக்கிட்டார். 1980 ஜூலை 18ல ஜெயிச்சதும் பேசறதுக்குக் கலாமை அனுப்பினார். பிறந்த நாள் விழாவுல கேட்டுக் கேட்டுப் பழசான கதை தான். நான் இதுல கவனிக்கச் சொல்றது வேற. அந்த சமயத்துல கலாம் எஞ்சினியர் மட்டும் இல்ல, ஒரு திட்டத்துக்கே இயக்குநர். தவன் அவருக்கு எந்த வகுப்பும் எடுக்கல. தனக்குக் கீழ இருக்கிற மேனேஜர்கிட்ட எப்படி நடந்துக்கிட்டாரோ, அதுவே கலாமுக்குப் பாடமாச்சு.

எனக்கு இந்தப் பரீட்சை மேனேஜர் ஆன ரெண்டாவது வருஷம் வந்தது. ஒரு ராத்திரி செட்டில்மென்ட் வேலை பாதியில நின்னு, தானா மறுபடி ஓடியிருக்கு. சில கடைகளுக்கு ரெண்டு தடவை பணம் போயிடுச்சு. ஒரே பேட்ச் இரண்டாவது முறை வந்தா நிறுத்துற செக் கோட்ல இல்ல. எழுதினது சேர்ந்து எட்டு மாசம் ஆன ஒரு தம்பி. ரிவ்யூ பண்ணி ஒப்புதல் கொடுத்தது நான்.

காலை கால்ல மேலிடம் கேட்ட முதல் கேள்வி, "யார் பண்ணது?" அந்தத் தம்பியும் கால்ல இருந்தான். அவன் பேரைச் சொன்னா அது பொய்யும் இல்ல. ஒரு மூணு விநாடி நான் வாயைத் திறக்கல, அந்த மூணு விநாடிக்கு எனக்கு இன்னும் வெட்கம் தான். அப்புறம், "ஒப்புதல் கொடுத்தது நான். எப்படி உள்ள போச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதித் தர்றேன்"னு சொன்னேன்.

சாயங்காலம் டீமோட உட்கார்ந்து எழுதினோம். யார்ங்கிறதை எழுதல. இந்தத் தப்பை எது பிடிச்சிருக்கணும், ஏன் பிடிக்கலைன்னு மட்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு தனி எண் வேணும், அதே எண் மறுபடி வந்தா டேட்டாபேஸே மறுக்கணும். வேலை பாதியில நின்னா என்ன ஆகும்னு சோதிக்கிற டெஸ்ட் எங்ககிட்ட ஒண்ணு கூட இல்ல. இதை அந்தத் தம்பியே ஒரு வாரத்துல எழுதி முடிச்சான். அடுத்த மாச மீட்டிங்ல அதைப் பத்திப் பேசினதும் அவன் தான், நான் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். பணத்துல ஒரு பகுதி திரும்பி வர பல வாரம் ஆச்சு. அந்த வருஷ அப்ரைசல்ல எனக்கு அதனால அடி தான். அதையும் சொல்லணும் இல்லையா?

அப்ரைசல்னு சொன்னதும் இன்னொண்ணு. டீம்ல ஒருத்தர் என் ஹாஸ்டல் நண்பர். ஒரே ரூம். முந்தின வருஷம் வரைக்கும் மேனேஜரைச் சேர்ந்து கிண்டல் பண்ணினவங்க நாங்க. நான் அவருக்கு ரேட்டிங் போட வேண்டி வந்தது, அவர் எதிர்பார்த்ததை விடக் குறைவா. காரணம் சரியாத் தான் இருந்துச்சு, எழுதியும் கொடுத்தேன். இப்ப நாங்க பேசிக்கிறோம். முன்ன மாதிரி இல்ல. இதுக்கு எந்தப் புத்தகத்துலயும் எனக்கு வழி கிடைக்கல.

திரும்பி வந்தா தோல்வியா?

எல்லாரும் மேனேஜர் ஆகணும்னு அவசியம் இல்ல. இப்ப நிறைய கம்பெனியில ரெண்டு பாதை இருக்கு. கோட் பக்கமே இருந்து ஸ்டாஃப் எஞ்சினியர், பிரின்சிபல் எஞ்சினியர்னு போகலாம், பல இடத்துல சம்பளமும் மேனேஜருக்குச் சமம். சாரிட்டி மேஜர்ஸ்ங்கிற எஞ்சினியர் 2017ல எழுதின ஒரு கட்டுரையில இதைக் கடிகார ஊசலோட ஒப்பிடுறாங்க. சில வருஷம் மேனேஜரா இருந்துட்டு, மறுபடி எஞ்சினியரா வந்து கையை மெருகேத்திக்கிட்டு, வேணும்னா திரும்பவும் போகலாம். கல்யாண வீட்டு மாமாவுக்கு இதை விளக்குறது கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா வேலை பார்க்கப் போறது மாமா இல்ல.

வேலையை விட்டுப் போன அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வருஷம் கழிச்சு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது. புது இடத்துல அவங்க எழுதின ஒரு சர்வீஸ் லைவ்ல ஓடுதாம். அவங்களுக்குக் கீழ இப்ப ஒரு இன்டர்ன். "அவன் கோடைத் திருத்தணும்னு கை பரபரக்குதுண்ணா, அடக்கி வெச்சிருக்கேன்"னு எழுதியிருந்தாங்க.

உங்க முதல் ரிவ்யூவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்னு நினைக்கிறேன். டீம்ல மொத்த கோடையும் எழுதுற ஆள் நீங்கன்னா இந்த வாரம் ஒரு காரியம் பண்ணுங்க. டீ வாங்கப் போற நண்பர்கிட்ட லாகின் மாட்யூல் மாதிரி முழுசா ஒரு பகுதியைக் கொடுங்க. எப்ப முடிப்பார்னு அவரையே தேதி சொல்லச் சொல்லுங்க. ஜிட்ஹப்ல அவர் அனுப்பினதை அன்னைக்கே பாருங்க, கேள்வியா மட்டும் எழுதுங்க. கீபோர்டைத் தொடாதீங்க. அவர் முடிக்கிற வரைக்கும் சாயங்கால டீயை நீங்க போய் வாங்கிட்டு வாங்க.